ஒரே வேடத்துக்கு இரண்டு தோழிகள்: என் மகளை நிறுத்திவிடலாமா?

கே.கே.நகர் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று நாளாகச் சரியான தூக்கம் இல்லை, அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன். என் மகளுக்கு 9 வயது. எங்கள் பிளாட்டிலேயே இரண்டாவது மாடியில் இருக்கும் பெண்ணும் அவளும் எல்.கே.ஜி.யிலிருந்து ஒன்றாகப் படிக்கிறார்கள், ஒரே வேனில் போகிறார்கள், சனிக்கிழமை நடிப்பு வகுப்புக்கும் ஒன்றாகத்தான் போகிறார்கள். போன வாரம் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கோ-ஆர்டினேட்டர் தகவல் போட்டிருந்தார். ஞாயிறு காலையில் வரப்போகும் குழந்தைகள் தொடர், மாயாஜாலக் கதை, முக்கிய வேடத்துக்கு 8 முதல் 10 வயதுக்குள் ஒரு பெண் வேண்டும், தமிழ் தெளிவாகப் பேச வேண்டும், சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் நல்லது. இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வளசரவாக்கம் போனோம். காத்திருந்த பிள்ளைகள் அறுபதுக்குக் குறையாது. கடைசியில் இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிட்ட சிலரில் இவர்கள் இருவரும் இருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை லுக் டெஸ்ட், அதாவது வேடத்துக்குப் பொருந்துகிறார்களா என்று உடை போட்டுப் படம் எடுத்துப் பார்ப்பது.

பிரச்சினை இனிமேல்தான். தோழியின் அப்பாவுக்கு ஐந்து மாதமாக வேலை இல்லை. நேற்று இரவு அவள் அம்மா மாடிப்படியில் என்னை நிறுத்தி, "உங்களுக்கு இது ஆசை, எங்களுக்கு இதுதான் வழி. ஞாயித்துக்கிழமை உங்க பொண்ணைக் கூட்டிட்டு வராதீங்களேன்" என்று கேட்டுவிட்டார். கண்ணில் தண்ணீர். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

மகளிடம் "அந்தத் தொடரை நிறுத்திட்டாங்களாம்" என்று சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன். அவளோ பல் தேய்க்கும்போதுகூட டயலாக் பேப்பரைக் கண்ணாடியில் ஒட்டி வைத்துச் சொல்லிப் பார்க்கிறாள். நான் என்ன செய்யட்டும்?

போரூர் அப்பா:

கூட்டிக்கொண்டு போங்கள். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. உங்கள் மகள் உழைத்து அந்தச் சுற்றுக்கு வந்திருக்கிறாள், அதைப் பெரியவர்கள் இரண்டு பேர் மாடிப்படியில் நின்று பேசி முடிவு செய்ய முடியாது. இன்று வேடத்தை விட்டுக் கொடு என்பார்கள், நாளைக்குக் காலேஜ் சீட்டையும் விட்டுக் கொடு என்பார்களா?

போட்டி வந்தால் நட்பு போய்விடும் என்று யார் சொன்னது? இன்று பெரிய அமெரிக்கப் பாடகிகளாக இருக்கும் செலீனா கோமஸும் டெமி லொவாட்டோவும் ஒருவரையொருவர் முதலில் பார்த்ததே 'பார்னி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியின் ஆடிஷன் வரிசையில்தான். 2002, டெக்சாஸ். இருவருக்கும் பத்து வயதுகூட இருக்காது. காத்திருந்த நேரத்தில் ஒரு ஜீன்ஸ் ஜாக்கெட்டைத் தரையில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்களாம். போட்டிக்கு வந்த இடத்தில்தான் நட்பே பிறந்திருக்கிறது.

மடிப்பாக்கம் டீச்சர்:

போரூர் அப்பா, நீங்கள் சொன்ன கதையில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். பார்னியில் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள், அந்த இரண்டு பேருக்குமே இடம் கிடைத்தது. அது ஒரே வேடத்துக்கான போட்டி இல்லை. இங்கே இருப்பது ஒரு நாற்காலி. ஒருத்தி உட்கார்ந்தால் இன்னொருத்தி நிற்க வேண்டும். அப்புறம், அந்த டெமி லொவாட்டோ பள்ளியில் மற்ற பிள்ளைகளின் கொடுமை தாங்காமல் வீட்டிலிருந்து படிக்க வேண்டி வந்தது என்று அவரே பலமுறை பேசியிருக்கிறார். ஜெயித்தவர்கள் கதையில்கூட வலி இருக்கிறது. வரிசையில் நின்று திரும்பிப் போன மற்றப் பிள்ளைகளின் கதையை யாரும் எழுதவில்லை.

நான் 17 வருடமாக மூன்றாம், நான்காம் வகுப்பு எடுக்கிறேன். ஒரு வருடம் ஆண்டு விழா நாடகத்தில் ராஜா வேடத்துக்கு என் வகுப்பிலேயே இரண்டு பையன்கள், உயிர் நண்பர்கள். ஒருவனைத் தேர்ந்தெடுத்தேன். மறுநாள் காலையில் மற்றவன் தன் பையைத் தூக்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான். ஏன்டா என்று கேட்டால், "நான் நல்லா நடிக்கலை மிஸ்" என்றான். நான் அவனை எடுக்காததற்கு ஒரே காரணம், கிரீடம் அவன் தலைக்குப் பெரிதாக இருந்தது. சொன்னேன், நம்பவில்லை. அந்த வருடம் முழுக்க அவன் முன் பெஞ்சுக்கு வரவே இல்லை. ஒன்பது வயதில் "என்னை எடுக்கவில்லை" என்பதும் "நான் சரியில்லை" என்பதும் ஒரே வாக்கியம்தான்.

அக்கா, என்னைக் கேட்டால் நிறுத்திவிடுங்கள். அந்தக் குடும்பத்துக்குத் தேவை இருக்கிறது, உங்களுக்கு இல்லை. மகளிடம் தொடர் நின்றுவிட்டது என்று சொல்வதில் பெரிய பாவம் எதுவும் இல்லை. வீட்டில் பணக்கஷ்டம் வந்தால், தாத்தாவுக்கு உடம்பு முடியாமல் போனால், பிள்ளைகளிடம் எத்தனையோ மறைக்கிறோம்.

போரூர் அப்பா:

டீச்சர், அந்தப் பையனுக்கு வலித்தது உண்மைதான். ஆனால் நீங்கள் அவனை ஆடிஷனுக்கே வராதே என்று சொல்லியிருந்தால் வலித்திருக்காதா?

சாலிகிராமம் உதவி இயக்குநர்:

தொடர்களில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன், அதில் மூன்று குழந்தைகள் தொடர். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பேசுகிறீர்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதல் விஷயம், லுக் டெஸ்டுக்கு இரண்டு பேரை மட்டும் கூப்பிட மாட்டோம். ஐந்து, ஆறு பேராவது இருப்பார்கள். உங்கள் மகள் வரவில்லை என்றால் அந்த வாய்ப்பு மாடிவீட்டுப் பெண்ணுக்குப் போய்ச் சேராது, இருக்கிற மற்ற நாலைந்து பேருக்கும் பொதுவாகப் போகும். பெரும்பாலும் இரண்டு தோழிகளுக்குமே கிடைக்காமல், யாரோ மூன்றாவது பிள்ளைதான் நடிக்கும். அந்த அம்மா உங்களிடம் கேட்டது அவர் கஷ்டம், எனக்குப் புரிகிறது, ஆனால் அவர் கேட்டதைக் கொடுக்கும் சக்தி உங்களிடம் இல்லவே இல்லை.

இரண்டாவது, நாங்கள் என்ன பார்க்கிறோம் என்று தெரிந்தால் பாதிப் பேர் இதைத் திறமைப் போட்டி என்றே நினைக்க மாட்டீர்கள். அம்மாவாக நடிப்பவர் ஏற்கெனவே முடிவாகியிருப்பார், அவர் பக்கத்தில் நிற்க வைத்து முகஜாடை ஒத்துவருகிறதா என்று பார்ப்போம். அண்ணன் வேடப் பையனைவிட உயரமாக இருந்தால் அன்றே முடிந்தது. அப்புறம் பல். இந்த வயதுப் பிள்ளை வந்தால் நான் முதலில் சிரிக்கச் சொல்வது அதற்காகத்தான். எட்டு, ஒன்பது வயதில் ஏதாவது ஒரு பல் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு காட்சியில் வாசலில் நிற்கும்போது பல் இருக்கும், அதே காட்சியின் மிச்சத்தை அடுத்த வாரம் எடுக்கும்போது ஓட்டை தெரியும். ஒரு முறை நன்றாக நடித்த ஒரு பெண்ணை அந்த ஒரே காரணத்துக்காக அனுப்பிவிட்டு, அதைவிடச் சுமாராகப் பேசிய பிள்ளையை எடுத்தோம். வெளியே நின்ற அந்த அம்மாவிடம் காரணத்தைச் சொல்ல எங்களில் யாருக்கும் நேரம் இல்லை. இது எங்கள் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். டீச்சரின் கிரீடம் கதையைப் படித்ததும் எனக்கு அந்தப் பெண்ணின் முகம்தான் ஞாபகம் வந்தது.

நினைத்த வேடம் வேறு, கிடைத்த வேடம் வேறு என்பதும் நடக்கும். அமெரிக்காவில் 2006இல் ஆரம்பித்த 'ஹன்னா மொன்டானா' தொடரில் மைலி சைரஸ் முதலில் ஆடிஷன் கொடுத்தது நாயகியின் தோழி வேடத்துக்கு. கடைசியில் நாயகியே அவர்தான். அதே நாயகி வேடத்துக்குக் கடைசிச் சுற்றுவரை வந்தவர் டெய்லர் மாம்சன். அவரும் வீணாகிவிடவில்லை, வேறு தொடரில் பெயர் வாங்கி, பிறகு பாட்டுப் பக்கம் போய்விட்டார். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஒருத்திக்கு நாயகி, இன்னொருத்திக்கு வகுப்புத் தோழி என்றுகூட வரலாம். போனால்தான் அது நடக்கும்.

நாடகப் பட்டறைக்காரன்:

எனக்கு வேறு ஒரு கேள்வி. ஒரே வேடத்தை ஏன் ஒரே பிள்ளைக்குத்தான் கொடுக்க வேண்டும்? நாங்கள் குழந்தைகள் நாடகத்தில் எப்போதும் இரண்டு பேரைத் தயார் செய்வோம், ஒருநாள் ஒருத்தி, மறுநாள் இன்னொருத்தி. லண்டனில் 'மெட்டில்டா' இசை நாடகம் 2011இல் வந்தபோது நாயகி வேடத்தை நான்கு சிறுமிகள் மாறி மாறிச் செய்தார்கள். 2012இல் ஒலிவியே என்ற பிரிட்டிஷ் மேடை நாடக விருதில் சிறந்த நடிகை விருதை நால்வருக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். நியூயார்க்கில் 'பில்லி எலியட்' இசை நாடகத்தில் நாயகன் வேடத்தைச் செய்த மூன்று பையன்களுக்கு 2009இல் டோனி என்ற அமெரிக்க மேடை நாடக விருதும் அப்படித்தான், மூவருக்கும் ஒன்றாக. ஒருவன் மேடையில் ஆடும்போது மற்றவன் வீட்டில் தூங்குவான். பிள்ளைகளின் உடம்பும் கெடாது, நட்பும் கெடாது.

சாலிகிராமம் உதவி இயக்குநர்:

அருமையான விஷயம், ஆனால் மேடையில் மட்டும். கேமராவில் திங்கட்கிழமை ஒரு முகம், செவ்வாய்க்கிழமை ஒரு முகம் என்று காட்ட முடியாது. அமெரிக்காவில் 'ஃபுல் ஹவுஸ்' தொடரில் கைக்குழந்தையாக வந்த வேடத்தை 1987லிருந்து 1995வரை இரண்டு பேர் பகிர்ந்து நடித்தார்கள், ஓல்சன் சகோதரிகள். அவர்கள் இரட்டையர். தோழிகளுக்கு அந்த வசதி இல்லை.

மடிப்பாக்கம் டீச்சர்:

எல்லாம் சரி. ஆனால் நீங்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் திங்கட்கிழமையைப் பற்றிப் பேசுகிறேன். திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அந்த வேனில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். இயக்குநர் சார் அங்கே இருக்க மாட்டார். ஒருத்திக்குக் கிடைத்துவிட்டால் அப்புறம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அவளைச் சுற்றி நிற்பார்கள், லீவு போட்டால் மிஸ் திட்ட மாட்டார், தொலைக்காட்சியில் வந்தவள் என்று பேர். இன்னொருத்தி அதைத் தினமும் பார்க்க வேண்டும். ஒரே ஊரில் வேறு வேறு பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் போட்டி போட்டால் நான் வாயே திறக்க மாட்டேன். இவர்கள் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகிறவர்கள்.

பழைய குழந்தை நட்சத்திரம்:

இந்தப் பக்கம் படிக்க மட்டும்தான் வருவேன், எழுதுவதில்லை. இன்று எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

தொண்ணூறுகளில் நானும் என் தோழியும் இதே மாதிரி ஒரு தொடருக்குப் போனோம். எனக்குப் பத்து வயது. லுக் டெஸ்டுக்கு அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு ஃபிராக், மஞ்சள் நிறம், கழுத்தில் வெள்ளை லேஸ். முதலில் அவளுக்குப் போட்டார்கள். விளக்கு வெளிச்சத்தில் கால் மணி நேரம் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு அதைக் கழற்றி எனக்கு மாட்டினார்கள். முதுகுப் பக்கம் அவள் வேர்வை ஈரம் இன்னும் சூடாகவே இருந்தது. எனக்குப் பெரிதாக இருந்ததால் பின்னால் ஊக்குக் குத்தினார்கள், நான் அசையும்போதெல்லாம் அது உறுத்தியது. அவள் ஜன்னல் ஓரத்தில் பெட்டிக்கோட்டோடு, அம்மாவின் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். எங்களுக்குள் அன்றைக்கும் சண்டை இல்லை, அதற்குப் பிறகும் சண்டை வரவில்லை.

வீட்டுக்கு வந்தபின் என்ன ஆயிற்று என்று தினமும் கேட்டேன். இரண்டு வாரம் கழித்து அம்மா சொன்னார், "அந்தத் தொடர் எடுக்கலையாம்மா, பணம் இல்லையாம்." நம்பினேன். என் தோழியும் அந்தச் சமயத்தில் வீட்டுக்கு வருவது நின்றது, காரணம் தெரியவில்லை. மூன்று நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் ஃபிராக். அவள் ஓடி வருகிறாள். பக்கத்து வீட்டு ஆண்ட்டி, "உன் ஃப்ரெண்டுதானே அது?" என்று கேட்டார்.

கிடைக்கவில்லை என்பது எனக்கு வலிக்கவே இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். அடுத்த வருடமே வேறு ஒரு தொடரில் நடித்தேன். வலித்தது என்னவென்றால், அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. என் அம்மாவும் அவள் அம்மாவும் ஏதோ பேசி மனஸ்தாபம் ஆகி, "அவகிட்ட சொல்லாதே" என்று அவளிடமும் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சின்ன வயிற்றில் அதை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் அவள் வராமல் இருந்திருக்கிறாள். இதை அவள் எனக்குச் சொன்னபோது இருவருக்கும் முப்பது வயது தாண்டிவிட்டது.

டீச்சர், உங்கள் மேல் மரியாதை உண்டு. தாத்தாவின் நோயை மறைக்கலாம். டிவியில் வரப்போவதை மறைக்க முடியாது. கே.கே.நகர் அக்கா, போவதும் போகாததும் உங்கள் இஷ்டம், தொடர் நின்றுவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மடிப்பாக்கம் டீச்சர்:

பொய்யைப் பற்றி நான் எழுதியது தவறு. திரும்பப் பெறுகிறேன். நிறுத்துவது என்றால் காரணத்தைச் சொல்லியே நிறுத்த வேண்டும். ஆனால் நிறுத்துவதே நல்லது என்பதில் எனக்கு மாற்றம் இல்லை.

போரூர் அப்பா:

என்ன காரணத்தைச் சொல்வது டீச்சர்? "உன் தோழி வீட்டில் பணம் இல்லை, அதனால் நீ விட்டுக் கொடு" என்றா? அப்புறம் அந்தப் பெண்ணை இவள் எந்தக் கண்ணால் பார்ப்பாள்? அந்தப் பெண்ணுக்கு இது தெரிந்தால் எப்படி இருக்கும்?

அந்த அம்மா சொன்ன "இதுதான் வழி" என்ற வார்த்தையும் என்னை உறுத்துகிறது. ஒன்பது வயதுப் பிள்ளையின் கால்ஷீட்டில் வீட்டு வாடகை நிற்கக் கூடாது. நான் வக்கீல் ஆபீசில் வேலை செய்கிறேன், அதனால் சொல்கிறேன். 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்று சொன்னார்கள், விதிவிலக்காக விட்டதில் நடிப்பும் ஒன்று. அதற்கு 2017 விதிகளில் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்தாற்போல் 27 நாளைத் தாண்டக் கூடாது. படம் எடுப்பவர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்க வேண்டும். வரும் பணத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் தேசிய வங்கியில் வைப்பு நிதியாகப் போட வேண்டும். முக்கியமாக, பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக நடிக்க வைக்கக் கூடாது. இரண்டு அம்மாக்களும் சேர்ந்து அந்தக் கம்பெனியில் முதலில் இதைக் கேளுங்கள். யாருக்குக் கிடைத்தாலும் இது வேண்டும்.

சாலிகிராமம் உதவி இயக்குநர்:

5 மணி நேரம் என்பதை எல்லா இடத்திலும் கடைப்பிடிக்கிறார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. நான் வேலை செய்த ஒரு தொடரில் ராத்திரி பத்து மணிக்கு ஒரு பையன் மேக்கப் நாற்காலியிலேயே தூங்கிவிட்டான், எழுப்பித்தான் காட்சியை எடுத்தோம். அம்மாவோ அப்பாவோ ஸ்பாட்டில் வாட்ச்சைக் காட்டிக் கேட்டால் விடுவார்கள். பணத்துக்காக வந்தவர்கள் கேட்க மாட்டார்கள், அதுதான் எனக்கு அந்தக் குடும்பத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். புதுக் குழந்தைக்குப் பெரிய சம்பளம் எதுவும் கிடையாது, அதுவும் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். ஐந்து மாதம் வேலை இல்லாத வீட்டை அது தூக்கி நிறுத்தாது. அந்த அம்மாவுக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும்.

கே.கே.நகர் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. மஞ்சள் ஃபிராக் கதையைப் படித்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

நேற்று மகளிடம் உண்மையைச் சொன்னேன், பண விஷயத்தைத் தவிர. "ரெண்டு பேரும் போறீங்க, ஒருத்திக்குக் கிடைக்கலாம், ரெண்டு பேருக்குமே கிடைக்காமலும் போகலாம், உனக்குப் போக வேண்டாம்னு இருந்தா சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "அவளுக்கு சைக்கிள் ஓட்ட வராதே அம்மா, கேட்டாங்கன்னா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு மேலே போய்விட்டாள். சாயங்காலம் கார் நிறுத்தும் இடத்தில் பார்த்தேன். என் மகள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறாள், அந்தப் பெண் இரண்டு தூணுக்கு நடுவில் விழுந்து எழுந்துகொண்டிருக்கிறாள். முழங்கை சிராய்த்திருந்தது. இருட்டும்வரை விடவில்லை.

ஆனால் அவள் அம்மா என்னிடம் பேசவில்லை. நாங்கள் வருகிறோம் என்று சொன்னேன், தலையை மட்டும் ஆட்டினார். சம்பளம் பற்றி இங்கே படித்ததையும் சொல்லிப் பார்த்தேன், "உங்களுக்கு எல்லாம் தெரியும்" என்று கதவைச் சாத்திவிட்டார். ஒரே ஆட்டோவில் போகலாம் என்றதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மடிப்பாக்கம் டீச்சர்:

பிள்ளைகளைப் பற்றிப் படித்தபோது மனம் நிறைந்தது. அந்தக் கதவைப் பற்றிப் படித்தபோது நான் பயந்தது நடந்துவிட்டதே என்று தோன்றியது. உங்களைக் குறை சொல்லவில்லை அக்கா. ஆனால் அந்தக் கதவு சாத்தியதை இரண்டு பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள்.

போரூர் அப்பா:

திறக்கும் டீச்சர். அந்த வீட்டு அப்பாவுக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்டுச் சொல்லுங்கள், கே.கே.நகர் மேடம். எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று இடத்தில் விசாரிக்கிறேன். இந்த ஆடிஷனுக்கும் அதற்கும் சம்பந்தம் வேண்டாம், யார் சொன்னது என்றும் அவரிடம் சொல்ல வேண்டாம்.

பழைய குழந்தை நட்சத்திரம்:

அக்கா, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றே ஒன்று. உங்கள் மகளுக்கு இரண்டு ஃபிராக் எடுத்துக்கொண்டு போங்கள், ஒன்று அந்தப் பெண்ணுக்கும் சேரும் அளவில் இருக்கட்டும். ஒரே உடையை மாற்றி மாற்றிப் போடச் சொன்னால் எங்களிடம் வேறு இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். ஒருத்தி உள்ளே போகும்போது மற்றவளை ஜன்னல் ஓரத்தில் நிற்க வைக்காதீர்கள், வெளியே கூட்டிக்கொண்டு போய் ஏதாவது சாப்பிட வாங்கிக் கொடுங்கள்.